என் ஜெர்மன் நோட்டில் இல்லாத வார்த்தை

1. வெந்நீர்

நான் முதலில் கற்ற ஜெர்மன் வார்த்தை வெந்நீர்தான். மதுரையில் சிம்மக்கல் பக்கம் ஒரு சந்துக்குள், வெளிநாட்டுக்காரர்கள் தங்குகிற சின்ன விடுதியில் சமையலுக்குச் சேர்ந்த முதல் நாள். காலை ஆறு மணி. பால் பொங்குகிற நேரத்தில் அடுப்படி வாசலில் ஆறடி உயரத்துக்கு ஒரு பெரியவர் பிளாஸ்கோடு வந்து நின்றார்.

"ஹைசெஸ் வாஸர், பிட்டெ."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. பிளாஸ்கைத் திறந்து காட்டினார், ஆவி பறக்கிற மாதிரி விரலை ஆட்டினார். ஊற்றிக் கொடுத்தேன். "டாங்கெ" என்று தலை குனிந்துவிட்டுப் போனார்.

விடுதியைப் பார்த்துக்கொள்கிற குமார் தம்பியிடம் கேட்டேன். "அது ஜெர்மன்க்கா. மார்கழி, தை பூராவும் நம்ம கஸ்டமர் முக்காவாசி ஜெர்மன்காரங்கதான். நீங்க கவலப்படாதீங்க, எல்லாரும் இங்கிலீஷ் பேசுவாங்க."

"எனக்கு இங்கிலீஷ் மட்டும் தெரியுமாக்கும்?"

எட்டாம் வகுப்போடு நின்றவள் நான். எனக்கு இங்கிலீஷும் ஜெர்மனும் ஒரே தூரம்தான். வந்து நிற்கிற ஆளின் பாஷையையே கற்றுக்கொண்டால் என்ன என்று அன்றைக்கே தோன்றிவிட்டது.

2. நோட்டு

நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கினேன். முதல் பக்கத்தின் உச்சியில் பிள்ளையார் சுழி போட்டு, சாமிக்கென்று அந்தப் பக்கத்தை அப்படியே விட்டுவிட்டேன். இரண்டாம் பக்கத்திலிருந்துதான் எழுத்து. குட்டன் மோர்கன், காலை வணக்கம். டாங்கெ, நன்றி. ஷ்மெக்ட் குட், ருசியா இருக்கா. நோக் ஐன் பிஸ்ஷென், இன்னும் கொஞ்சம். இது எனக்கு ரொம்ப உதவிய வார்த்தை. இட்லியைக் கரண்டியோடு நீட்டிக்கொண்டு இதைச் சொன்னால் யாருக்கும் மறுக்க மனசு வராது.

வார்த்தையை யாரும் உட்கார வைத்துச் சொல்லித்தரவில்லை. கையைக் காட்டிக் கேட்பேன், காதில் விழுந்ததைத் தமிழில் எழுதிக்கொள்வேன். ஒரு அம்மா என் நெற்றிக் குங்குமத்தைத் தொட்டு "ரோட்" என்றார். சிவப்பு. நான் மஞ்சள் கிழங்கை எடுத்துக் காட்டினேன். "கெல்ப்." ஊருக்குக் கிளம்புகிறவர்களின் பையைத் தூக்கிக் கொடுத்தபோது "டாஷெ" கிடைத்தது. பை. அவர்கள் ஊரிலும் மஞ்சளுக்கு ஒரு பேர், பைக்கு ஒரு பேர் இருக்கும் என்பது எனக்குத் தெரியாததா? ஆனாலும் ஒவ்வொரு பேரும் தெரியவரும்போது பொட்டலம் பிரிக்கிற மாதிரி ஒரு ஆசை.

விளாங்குடியிலிருந்து டவுன் பஸ்ஸில் வரும்போது வாய்க்குள் சொல்லிப் பார்ப்பேன். ஒருநாள் பக்கத்து சீட்டு அம்மா, "என்ன ஸ்லோகம்க்கா அது? நல்லா சொல்றீங்களே, எந்தச் சாமிக்கு?" என்று கேட்டார். வீட்டில் என் வீட்டுக்காரர் வேறு. விளக்கேற்றும்போது என்னை அறியாமல் "டாங்கெ" என்று வாயில் வந்துவிட்டது. "ஏய், மீனாட்சி மதுரக்காரி. அவகிட்டயாச்சும் தமிழ்ல பேசு" என்றார்.

மூன்றாவது வருஷம் என் நோட்டில் நூறு வார்த்தைக்கு மேல் இருந்தது. விருந்தாளிகள் அடுப்படிக்கே வந்து, "பஞ்சு, குட்டன் மோர்கன்!" என்பார்கள். என் முழுப்பேர் பஞ்சவர்ணம், அது அவர்கள் வாயில் நுழையவில்லை. எனக்கு அதில் பெருமைதான். அந்தப் பெருமையைத்தான் இனி சொல்லப்போகிறேன்.

3. சட்டினி

ஹெல்கா என்று ஒரு அம்மா, அறுபது வயதிருக்கும், தனியாக வந்து பத்து நாள் தங்கினார். தினமும் சாப்பாட்டு மேசையில் குமாரைக் கூப்பிட்டு, ஒவ்வொரு பதார்த்தத்தையும் காட்டி இங்கிலீஷில் ஏதோ கேட்பார். அவன் பதில் சொன்ன பிறகுதான் கை வைப்பார். என்ன கேட்கிறார் என்று நானும் விசாரிக்கவில்லை, அவனும் சொல்லவில்லை. ருசியைப் பற்றித்தான் கேட்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

ஐந்தாம் நாள் காலை குமார் வேறு விருந்தாளிகளை அழைத்துவர ஸ்டேஷனுக்குப் போய்விட்டான். எனக்குத் தேங்காய் ஒரு மூடிதான் இருந்தது. ஆள் ஒன்பது பேர். தேங்காய் பத்தாதபோது நாங்கள் செய்வதைத்தான் செய்தேன். வறுத்துத் தோல் நீக்கிய நிலக்கடலை ஒரு கை போட்டுச் சேர்த்து அரைத்தேன். வெள்ளை வெளேரென்று, தேங்காய்ச் சட்டினி மாதிரியேதான் இருந்தது.

ஹெல்கா அம்மா சட்டினியைக் காட்டி, குமார் இல்லாததால் என்னிடம் ஜெர்மனிலேயே கேட்டார். அதில் "எர்ட்நுஸ்" என்று ஒரு வார்த்தை வந்தது. என் நோட்டில் இல்லாத வார்த்தை.

அந்த இடத்தில் நான் என்ன செய்திருக்க வேண்டும்? தெரியாது என்று சொல்லியிருக்க வேண்டும். ஆனால் அதற்கு என்னிடம் வார்த்தை கிடையாது. நூறு வார்த்தையில் "இல்லை" என்பதற்கும் "தெரியாது" என்பதற்கும் நான் இடமே வைக்கவில்லை. எங்கள் வீட்டில் அரிசி தீர்ந்தால்கூட இல்லை என்று சொல்லமாட்டோம். "நிறைஞ்சிருக்கு" என்போம். அடுப்படியில் நின்று இல்லை என்று சொன்னால் லட்சுமி போய்விடுவாள் என்பது சின்னதிலிருந்து ஊறிப்போனது. அதுவும் விருந்தாளியிடமா?

சிரித்த முகமாக, "அல்லெஸ் குட்!" என்றேன். எல்லாம் நல்லது.

அவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. குமாரின் இங்கிலீஷை விட என் ஜெர்மனை அதிகம் நம்பியிருப்பார். இட்லியைத் தோய்த்துச் சாப்பிட்டார். நான் "நோக் ஐன் பிஸ்ஷென்" என்று இன்னும் ஒரு கரண்டி ஊற்றினேன்.

4. சிவப்புப் பை

நான் அடுத்த ஈட்டு இட்லியை எடுத்துக்கொண்டு வந்தபோது அவர் கழுத்தைப் பிடித்துக்கொண்டிருந்தார். உதடு தடித்துவிட்டது. மூச்சு இழுத்துக்கொண்டு விசில் மாதிரி வந்தது. மற்றவர்கள் எழுந்து கத்துகிறார்கள். அவர் என்னைப் பார்த்து மாடியைக் காட்டினார்.

"டாஷெ... பஞ்சு... ரோட்டெ... டாஷெ..."

அது எனக்குத் தெரிந்த வார்த்தை. இரண்டுமே தெரிந்த வார்த்தை.

ஒரே ஓட்டமாக மாடிக்குப் போனேன். அறையில் கறுப்புப் பை ஒன்று, நீலப் பை ஒன்று, கட்டிலுக்கடியில் சின்னதாகச் சிவப்புப் பை ஒன்று. அதைத் தூக்கிக்கொண்டு இறங்கினேன். உள்ளே தடித்த பேனா மாதிரி ஒரு ஊசி. ஹெல்கா அம்மாவே அதைத் தொடையில் குத்திக்கொண்டார். அதற்குள் குமார் கார் வந்துவிட்டது. புதிதாக வந்தவர்களை இறக்கிவிட்டு, அதே காரில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

கார் கிளம்புமுன் குமார் என்னிடம் கேட்டான். "அக்கா, சட்டினில என்ன போட்டீங்க?"

"நிலக்கடலை, தம்பி."

"ஐயோ அக்கா, அவங்களுக்குக் கடலை ஆகாது. அதத்தானே தெனமும் கேப்பாங்க!"

அன்றைக்கு மதியம் வரைக்கும் நான் அடுப்படித் தரையில்தான் உட்கார்ந்திருந்தேன். "தாயே, அந்த உசுர என் கையால எடுத்துராத" என்பதைத் தவிர வேறு எந்தப் பாஷையிலும் எனக்கு ஒரு வார்த்தை வரவில்லை. இரண்டு மணிக்குக் குமார் போன் செய்தான். "பொழச்சுக்கிட்டாங்கக்கா. ஊசி அம்புட்டுச் சீக்கிரம் போட்டதாலதான்னு டாக்டர் சொல்றாரு."

5. முதல் பக்கம்

மறுநாள் அவர் திரும்பி வந்தார். நான் வெளியே வரவில்லை. எந்த முகத்தோடு வருவது? அவரே குமாரைக் கூட்டிக்கொண்டு அடுப்படிக்கு வந்தார். என் நோட்டைக் கேட்டார். அதில் இருப்பதையெல்லாம் குமாரைப் படித்துக்காட்டச் சொல்லிக் கேட்டுவிட்டு ஏதோ சொன்னார்.

"அக்கா, எல்லாம் இருக்கு, 'நைன்' எங்கனு கேக்குறாங்க. 'நைன்'னா இல்லைனு அர்த்தம்."

நான் அரிசிக் கதையைச் சொன்னேன். குமார் இங்கிலீஷில் எடுத்துச் சொன்னான். திட்டுவார் என்று தலையைக் குனிந்துகொண்டு நின்றேன்.  அவர் அரிசிப் பானையைத் திறந்து பார்த்துவிட்டு, "நி-றைஞ்-சி-ருக்கு" என்று குமாரிடம் கேட்டுக் கேட்டுச் சொல்லிப் பழகினார். தன் கைப்பையிலிருந்து ஒரு சின்னப் புத்தகத்தை எடுத்து அதை எழுதிக்கொண்டார். அவரிடமும் ஒரு நோட்டு இருந்திருக்கிறது!

அப்புறம் என் நோட்டின் முதல் பக்கத்தைப் பிரித்தார். சாமி பக்கம் என்று நான் பதறுவதற்குள், பிள்ளையார் சுழிக்குக் கீழே எழுதிவிட்டார். குமார் பக்கத்திலேயே தமிழில் எழுதினான். நைன், இல்லை. இஷ் வைஸ் நிஷ்ட், எனக்குத் தெரியாது. ஐனென் மோமென்ட், இஷ் ஃப்ராகெ, கொஞ்சம் இருங்க, கேட்டுச் சொல்றேன்.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிற பிள்ளைகள் நீங்களெல்லாம் வணக்கத்தையும் நன்றியையும்தான் முதலில் கேட்கிறீர்கள். அது இரண்டாம் பக்கம்மா. நான் நூறு வார்த்தை கற்றும் என் வார்த்தையை நம்பிய ஒருத்தரைச் சாகக் கொடுக்கப் பார்த்தேன். இந்த மூன்றும் வந்த பிறகுதான் நான் "அல்லெஸ் குட்" என்றால் அது நிஜமாகவே நல்லது என்று ஆயிற்று.

வீட்டில் அரிசி தீர்ந்தால் இன்றைக்கும் நிறைஞ்சிருக்கு என்றுதான் சொல்கிறேன். ஆனால் பிள்ளையார் சுழிக்குக் கீழே இருக்கிற அந்த மூன்று வரியை நான் அழிக்கவில்லை. தினமும் காலையில் அடுப்பு பற்றவைக்குமுன், சாமியைக் கும்பிட்டுவிட்டு, ஒருதரம் வாய்விட்டுப் படிக்கிறேன்.