கபடி அத்தை சும்மா நின்றாள்

எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று கிடையாது. அப்பா ஓட்டப்பந்தயக் கோச். பள்ளியில் சம்பளம் வாங்கியது உடற்பயிற்சி ஆசிரியர் என்ற பெயரில்தான் என்றாலும், ஆரணியில் டீக்கடைக்காரர் முதல் பட்டுக்கடை முதலாளி வரை அவரைக் கோச் என்றுதான் கூப்பிட்டார்கள். விடுமுறை நாளென்றால் ஏதாவது ஓர் ஊரில் போட்டி இருக்கும். போட்டி இல்லையென்றால் பயிற்சி இருக்கும். இரண்டும் இல்லாத அபூர்வமான நாட்களில் அடுத்த போட்டியைப் பற்றிய கவலை இருக்கும். "கல்யாணத்துக்கு முன்னால மாப்பிள்ளை கிரவுண்டுல விசில் ஊதுவாருன்னு சொன்னாங்க, வீட்லயும் ஊதுவாருன்னு சொல்லலை" என்பாள் அம்மா.

இதே கதை ஊரில் இன்னும் இரண்டு வீடுகளில் நடந்துகொண்டிருந்தது. ஒன்று கபடிக் கோச் வீடு, மற்றது வாலிபால் கோச் வீடு. அவர்களுடைய மனைவிமாருக்கு என் கணக்கில் கபடி அத்தை, வாலிபால் அத்தை என்பதுதான் பெயர். விளையாட்டு விழா நாட்களில் மைதானத்து வேப்பமரத்தடியில் அம்மாவோடு சேர்த்து மூன்று பேரும் பக்கத்துப் பக்கத்தில் உட்காருவார்கள். சிரிப்பார்கள். "சாப்டாச்சா" என்று கேட்டுக்கொள்வார்கள். அதற்கு மேல் போவதில்லை, ஏனென்றால் வீட்டுக்காரர்கள் எதிரெதிர் முகாம்.

கௌரி அக்கா விஷயத்துக்குப் பிறகு அந்தச் சிரிப்பும் நின்றுபோனது. கௌரி அக்கா முதலில் கபடி ஆடியவள். பிடிக்க வரும் கைகளுக்கு நடுவிலிருந்து அவள் வழுக்கி ஓடுவதைப் பார்த்த அப்பா, இந்தக் கால்களுக்குக் கோடு போட்ட கட்டம் போதாது என்று சொல்லி அவளை ஓட்டத்துக்கு அழைத்துக்கொண்டார். மாவட்டப் போட்டியில் அவள் ஜெயித்து வந்த அன்று கபடி மாமா அப்பாவோடு பேச்சை நிறுத்தினார். கபடி அத்தையும் மார்க்கெட்டில் எங்களைப் பார்த்தால் கத்தரிக்காயைப் பார்க்க ஆரம்பித்தாள்.

நான் நான்காம் வகுப்பு முடித்திருந்த கோடை அது. பொழுது போகாமல் அப்பாவோடு மைதானத்துக்குப் போவேன். பிள்ளைகளுக்குக் குடத்திலிருந்து தண்ணீர் மொண்டு கொடுப்பது என் வேலை. அப்பா எனக்கு அதற்கு மேனேஜர் என்று பட்டமும் கொடுத்திருந்தார். அன்று வெயில் ஏறியிருந்தது. கௌரி அக்கா வந்து தண்ணீர் கேட்டாள். கொடுத்தேன். குடித்துவிட்டு, ஈரக் கையால் என் கன்னத்தைத் தட்டிவிட்டுப் போய்க் கோட்டில் நின்றாள்.

கடைசி வளைவில் அவள் ஒரு கையை முன்னால் நீட்டினாள், இருட்டில் சுவரைத் தேடுகிறவள் மாதிரி. பிறகு விழுந்தாள். அப்பா எழுந்திரு என்று விசில் ஊதினார். மறுபடியும் ஊதினார். அதற்கப்புறம் விசில் அவர் வாயிலிருந்து தானாக விழுந்தது. அப்பா ஓடி நான் பார்த்தது அன்றுதான். அதுவரை அவர் மற்றவர்களை ஓடவைத்துத்தான் பார்த்திருக்கிறேன்.

ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அங்கிருந்து வேலூருக்கு என்றார்கள். அவள் ஊர் வேலூர் ரோட்டில், கண்ணமங்கலத்துக்குப் பக்கத்தில். ஆம்புலன்ஸ் அந்த ஊர் விலக்கைத் தாண்டும்போதே அவள் உயிர் போய்விட்டது என்று பிறகு சொன்னார்கள்.

மதியம் அப்பாவை விசாரணைக்கு ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போனார்கள்; இரவும் வீட்டுக்கு விடவில்லை. வெயிலில் ஓடவைத்துக் கொன்றுவிட்டான் என்று ஊர் பேசியது. எங்கள் தெருவில் யாரும் எங்களைத் திட்டவில்லை. பால்காரம்மா மட்டும் மறுநாள் காலையில் கூப்பிடாமல் பாக்கெட்டை வாசலில் வைத்துவிட்டுப் போனாள். சித்தப்பா போனில், யார் வந்தாலும் கதவைத் திறக்காதே என்றார். அம்மா ஜன்னல்களையும் சாத்தினாள். மின்விசிறியைக்கூடப் போடவில்லை. அது சுற்றினால் உள்ளே ஆள் இருப்பது தெரிந்துவிடும் என்று நினைத்தாளோ என்னவோ.

அன்று மதியம் கதவு தட்டப்பட்டது.

"யாரு?"

"நான்தாம்மா. தொற."

குரலைக் கேட்டதும் அம்மா என்னைப் பார்த்தாள். கபடி அத்தை. எங்களை வேடிக்கை பார்க்க வந்திருக்கிறாள் என்றுதான் நான் நினைத்தேன். அம்மாவும் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும்.

"எதுக்கு வந்தீங்க?"

"சோறு எடுத்தாந்திருக்கேன். கை நோவுது, ஜல்தி தொற."

ஆறடிக்குக் கொஞ்சம் குறைவான உருவம். கல்யாணத்துக்கு முன் அவளே கபடி ஆடியவள் என்பார்கள். உள்ளே வந்தவள் அம்மாவைக் கட்டிப்பிடிக்கவில்லை, ஆறுதலும் சொல்லவில்லை. ஜன்னலைத் திறந்தாள், மின்விசிறியைப் போட்டாள், அடுக்குக் கேரியரைத் தரையில் வைத்தாள். பிறகு போனை எடுத்தாள்.

"இன்னா பண்ணிகினு இருக்க? டீக்கடைல நின்னுகினு நான் அப்பவே சொன்னேன், அப்பவே சொன்னேன்னு சொன்னது போதும். ஸ்டேஷனுக்குப் போ. அந்த மனுசன் பக்கத்துல உக்காரு. பேச வேணாம். உக்காந்தா போதும்."

மறுமுனையில் கபடி மாமா ஏதோ சொன்னார்.

"அந்தப் பொண்ணு உன்கிட்டயே ஆடிகினு இருந்திருந்தா, இன்னிக்கு நீ அங்க உக்காந்திருப்ப. நான் இங்க உக்காந்திருப்பேன். போ."

நான் அதிர்ந்துபோனேன். புருஷனை நீ என்று சொல்லலாம் என்பதே எனக்கு அன்றுவரை தெரியாது. அதைவிட அதிர்ச்சி, அவர் போனார் என்பது.

கொஞ்ச நேரத்தில் வாலிபால் அத்தை வந்தாள், கையில் ஒரு துணி மூட்டையோடு. அவள் பட்டுப்புடவைக்குக் குஞ்சம் கட்டுகிறவள். முந்தானை ஓரத்து நூல்களைப் பிரித்து முடிச்சுப் போட்டு அழகாகத் தொங்கவிட வேண்டும். "கல்யாணப் பொடவை. சாயங்காலம் கடையில குடுத்தாவணும். அதான் கையோட எடுத்தாந்துட்டேன், தப்பா நெனச்சிக்காதீங்க" என்று உட்கார்ந்து, புடவையை மடியில் விரித்தாள். முந்தானையின் மறு ஓரத்தை அம்மாவின் மடியில் போட்டாள். "நீங்க அந்தப் பக்கத்துலேர்ந்து கட்டிகினு வாங்க." அம்மா நூலைப் பிரிக்க ஆரம்பித்தாள்.

மூன்று பேரும் பேசினார்கள். முதலில் மெதுவாக. கபடி அத்தை, போன வருஷம் ஒரு பையன் கழுத்தில் அடிபட்டு மயங்கிக் கிடந்ததைச் சொன்னாள். "அவன் கண்ண தொறந்துட்டான்னு சேதி வந்தப்புறம்தான் நான் பல்லு வெளக்கினேன். உங்க யாருக்கும் சொல்லல. எப்படிச் சொல்றது?" வாலிபால் அத்தை தலையாட்டினாள். அவளிடமும் அப்படி ஒன்று இருந்தது. அம்மாவிடமும் இருந்தது, எனக்குத் தெரியாத ஒன்று. வேப்பமரத்தடியில் இத்தனை வருஷம் "சாப்டாச்சா" என்று கேட்டுக்கொண்டவர்கள், இந்தப் பயத்தை உள்ளே வைத்துக்கொண்டுதான் அப்படிக் கேட்டிருக்கிறார்கள்.

அப்புறம் வாலிபால் அத்தை தன் கல்யாணத்தைப் பற்றிச் சொன்னாள். "தாலி கட்டின கையோட, மாலையக்கூட கழட்டாம கிரவுண்டுக்குப் போயிட்டாரு. செமிபைனலாம். எங்க மாமனார் என்னாண்ட வந்து, எம்புள்ள ஜெயிச்சிட்டு வந்துருவாம்மான்னு சமாதானம் சொல்றாரு. தோத்துட்டு வந்தாரு."

கபடி அத்தை சிரித்தாள். வாலிபால் அத்தையும் சிரித்தாள். என் அம்மாவும், வாயில் நூலைக் கவ்வியபடி, தோள் குலுங்கச் சிரித்தாள்.

கௌரி அக்கா செத்துப்போயிருக்கிறாள், அப்பா ஸ்டேஷனில் இருக்கிறார், இவர்கள் சிரிக்கிறார்கள். நான் சமையலறைக்குள் போய்க் காதைப் பொத்திக்கொண்டேன். திரும்பி வந்தபோது அம்மா அழுதுகொண்டிருந்தாள். எந்த இடத்தில் சிரிப்பு அழுகையானது என்று நான் பார்க்கவில்லை. கபடி அத்தை, முந்தானையில் கண்ணீர் படாதபடி புடவையைச் சற்றுத் தள்ளிப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

மாலையில் அப்பா வந்தார். பிறவியிலேயே கௌரி அக்காவின் இதயத்தில் கோளாறு இருந்திருக்கிறது, யாருக்கும் தெரியவில்லை என்று டாக்டர்கள் எழுதிக்கொடுத்திருந்தார்கள். கபடி மாமா வாசல்வரை வந்து, உள்ளே வராமல், செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டுப் போனார். அப்பா அறைக்குள் போய்ச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார். எல்லாம் முடிந்துவிட்டது என்று நான் நினைத்தேன்.

"நாளைக்குக் காலைல நாம அந்த வூட்டுக்குப் போறோம்" என்றாள் கபடி அத்தை.

அம்மா அவளை ஏறிட்டுப் பார்த்தாள். "அடிப்பாங்கக்கா."

"அடிப்பாங்க."

அவ்வளவுதான் சொன்னாள். அறையிலிருந்து அப்பா, நானும் வருகிறேன் என்றார். "நீங்க வேணாம்ணா. ஆம்பளைங்க போனா அது வேற மாதிரி ஆயிடும். நாங்க போயிட்டு வரோம்."

என்னை விட்டுவிட்டுப் போக ஆளில்லாததால் நானும் போனேன். பஸ்ஸிலிருந்து இறங்கிக் கொஞ்ச தூரம் நடந்தோம். சாமியானாப் பந்தல் இன்னும் பிரிக்கப்படவில்லை. பெண்கள் கூட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். உள்சுவரில் ஓர் ஆணியில் கௌரி அக்காவின் மெடல்கள் கொத்தாகத் தொங்கின. அவற்றில் பாதியை என் அப்பா கழுத்தில் போடுவதை நான் கைதட்டிப் பார்த்திருக்கிறேன்.

"யார் வூட்டு ஆளுங்க நீங்க?" என்றார் ஒருவர்.

"கோச் வூட்டுப் பொம்பளைங்க" என்றாள் கபடி அத்தை. "மூணு பேருமே."

கௌரி அக்காவின் அம்மா சுவரோரத்திலிருந்து எழுந்து வந்தாள். வயல் வேலை செய்து காய்ந்த, சிறிய உடம்பு. மூன்று முகங்களையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"யாரு அந்த ஆளு பொண்டாட்டி?"

யாரும் என் அம்மாவைக் காட்டவில்லை. அம்மாவே ஓரடி முன்னால் வந்தாள்.

அறை விழுந்த சத்தம் எனக்கு இன்னும் கேட்கிறது. மறுபடியும் அறைந்தாள். அம்மாவின் கொண்டை அவிழ்ந்தது. என் அம்மாவை யாரும் அடித்து நான் பார்த்ததில்லை. நான் கத்தினேன்; வாலிபால் அத்தை என்னைத் தன் வயிற்றோடு சேர்த்து அணைத்துக்கொண்டாள். அவள் புடவை இடுக்கு வழியாகக் கபடி அத்தையைத் தேடினேன். அவள் ஒரு கை தூரத்தில் நின்றாள். நெல் மூட்டையைத் தூக்கக்கூடியவள். அந்தச் சிறிய பெண்மணியை இரண்டு விரலால் நகர்த்தியிருக்கலாம். இரண்டு கைகளையும் பின்னால் இறுக மூடிக்கொண்டு சும்மா நின்றாள். ஊர்க்காரர் ஒருவர் விலக்கிவிட வந்தபோது, "வுடுங்க" என்று அவரைத் தடுக்கவும் செய்தாள்.

கை ஓய்ந்த பிறகு கௌரி அக்காவின் அம்மா விழாமலிருக்க என் அம்மாவின் தோளையே பிடித்துக்கொண்டாள்.

"தண்ணி கேட்டாளா?" என்றாள். "வுழறதுக்கு முன்னால எம்பொண்ணு தண்ணி கேட்டாளா?"

அம்மாவுக்குத் தெரியாது. அவள் அங்கே இல்லை. அங்கே இருந்தது நான்தான்.

"கேட்டாங்க. குடிச்சாங்க" என்றேன். "நான்தான் குடுத்தேன்."

அவள் குனிந்து என் கையைப் பிடித்தாள். உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு அதைத் தன் முகத்தோடு அழுத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். அம்மாவும் பக்கத்தில் உட்கார்ந்தாள். வெயில் பந்தலுக்குள் வரும்வரை நாங்கள் அங்கேயே இருந்தோம். போ என்று யாரும் சொல்லவில்லை.

கண்ணமங்கலத்தில் கபடி அத்தை ஒரு ஐஸ் பாக்கெட் வாங்கி அம்மாவின் கன்னத்தில் வைத்தாள். எனக்குக் குளிர்ந்த ரோஸ்மில்க் நீட்டினாள். நான் வாங்கவில்லை. எனக்கு எல்லாம் புரிந்துவிட்டிருந்தது: கௌரி அக்காவை அப்பா பிடுங்கிக்கொண்டதற்கு இவள் இப்படிப் பழி வாங்கிவிட்டாள். சோறு கொண்டுவந்ததும் இதற்காகத்தான். திரும்பும் பஸ்ஸில் அம்மா அவள் தோளில் சாய்ந்து தூங்கியது மட்டும் எனக்குப் பொருந்தவேயில்லை.

அதற்குப் பிறகு அந்த மூன்று பேரும் மாதம் தவறாமல் கௌரி அக்கா வீட்டுக்குப் போய்வந்தார்கள். அந்தக் கோடையிலேயே ஆரணியின் மூன்று மைதானங்களிலும் வெயில் ஏறுவதற்கு முன் பயிற்சி முடிந்தது. அது தாங்களே எடுத்த முடிவென்று மூன்று கோச்சுகளும் இன்றுவரை நம்புகிறார்கள். நான் மட்டும் ரொம்ப நாள் கபடி அத்தையோடு பேசாமல் இருந்தேன்.

அன்று வீடு திரும்பியதும் அவள் பின்கட்டுக் குழாயடியில் கை கழுவிக்கொண்டிருந்தாள். கழுவிக்கொண்டே இருந்தாள். கொஞ்சம் மஞ்சள்தூள் எடுத்துவரச் சொன்னாள். அம்மாவுக்காக என்று நினைத்துக் கொண்டுபோனேன். அவள் தன் கைகளை நீட்டினாள். இரண்டு உள்ளங்கைகளிலும் வரிசையாகச் சின்னச் சின்னப் பிறை வடிவில் ரத்தம் கட்டிய காயங்கள்.

"அய்யோ, இன்னாக்கா இது?" என்றாள் பின்னால் வந்த வாலிபால் அத்தை.

"ஒண்ணுமில்ல. பஸ்ஸுல கம்பி கிழிச்சிடுச்சி."

நன்றாக வேண்டும் என்று நினைத்துக்கொண்டு, மஞ்சள் டப்பாவைக் கல்மேல் வைத்துவிட்டு உள்ளே போனேன். பஸ் கம்பி அப்படிக் கிழிக்காது என்று அந்த வயதில் எனக்குத் தெரியவில்லை.