ஆதி ஸ்டார் பனியன்

செங்கோட்டையன் ஒத்தை மிஷினில் ஆரம்பித்து, யார் தயவும் இல்லாமல் பனியன் கம்பெனி கட்டிய மனுசர். அப்பேர்ப்பட்டவர் மகன் வேலுமணி கம்பெனிக்கு வராமல், மலைமேல் நட்சத்திரம் பார்க்கிற கூடத்தில் சம்பளத்துக்குச் சேர்ந்தான்.

அங்கே அவன் தேடியது வயசான நட்சத்திரங்களை. ஆதியில் பிறந்ததில் இரும்பு மாதிரி உலோகம் ரொம்பக் கம்மி. இரும்பு ஊதா வெளிச்சத்தைத் தின்றுவிடும். அதனால் வண்ணக் கண்ணாடிகளை மாற்றி மாற்றி வைத்து ஆயிரக்கணக்கில் அளப்பார்கள். ஊதா தூக்கலாக இருப்பதைப் பொறுக்கி, அதன் ஒளியைப் பட்டையாக விரித்து, இரும்புக் கோடு மங்கலாக இருந்தால்தான் வாயைத் திறப்பார்கள்.

எழுபத்து மூணாம் வருசம் தைப்பூசத்துக்கு ஊருக்கு வந்தவனை, பந்தியில் தாய்மாமன் குமாரவேல் சீண்டினார்.

"ஏனுங்க மாப்ள, அத்தாம் பெரிய குழாயில ஒண்ணுமே சிக்கலீங்களா?"

ஊதா தூக்கலான நட்சத்திரம் ஒன்று அப்போது அவன் கைவசம் இருந்தது. அதன் ஒளிப்பட்டையை இன்னும் எடுக்கவில்லை. ரோசத்தில், ஆதி நட்சத்திரம் ஒன்றைக் கண்டுபிடித்தாயிற்று என்று சொல்லிவிட்டான்.

திருப்பூர்க்காரன் சும்மா இருப்பானா? சித்திரைக்குள் 'ஆதி ஸ்டார்' என்று புது லேபிள் அடித்து, பனியன் கழுத்தில் தைத்து, பூஜைக்கு ஊரையே கூப்பிட்டுவிட்டார் செங்கோட்டையன்.

அதற்குள் பட்டை வந்துவிட்டது. இரும்புக் கோடுகள் தடித்துக் கறுத்து நின்றன. ஒட்டிக் கிடந்த சூடான குட்டி நட்சத்திரத்தின் ஊதா கலந்து ஏமாற்றியிருக்கிறது.

பூஜையன்று காலை வேலுமணி அப்பாவைத் தனியே கூப்பிட்டுச் சொன்னான். அவர் வெளியே போய், அது ஆதி நட்சத்திரம் இல்லையாம், மலைமேல் ஏதோ மிஷின் கோளாறாம், பையன் மேல் குத்தமில்லை என்று கூட்டத்துக்குச் சொன்னார். பொய்யே சொல்லாத மனுசர். சொல்லும்போது குரல் இறங்கிப் போயிற்று.

வேலுமணி கூட்டத்துக்கு முன்னால் வந்து நின்றான்.

"மிஷின் நல்லாத்தானுங்க இருந்துச்சு," என்றான். "பாக்கறதுக்கு முந்தியே பாத்ததாச் சொன்னது நானுங்க."

குமாரவேல் மாமன்கூடச் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை.

சாயங்காலம் கம்பெனியில் தைக்கிற மயிலாத்தாளும் மற்றப் பெண்களும் லேபிள்களைப் பிரிக்க உட்கார்ந்தார்கள். அவனும் போய் ஒரு பனியனை இழுத்துக்கொண்டான்.

"நீங்க எந்திரிங்க கண்ணு, நாங்க பாத்துக்கறோம்," என்றாள் மயிலாத்தாள்.

அவன் தலை நிமிராமல் தையலைப் பிரித்தான்.