நானூற்று முப்பது கிலோ

ஊரிலிருந்து சந்தை நகரத்துக்கு இருபத்திரண்டு கிலோமீட்டர். நடுவே ஒரு கணவாய். ஆளில்லாமல் மினிபஸ் நின்றுபோய் இரண்டு வருஷம் ஆனபின், மின்சார வண்டி ஒன்றைத் தானே கட்டிக்கொள்வது என்று சாய்யுன் முடிவெடுத்தாள்.

அவளுக்கு அது எட்டாத வேலை இல்லை. பதினோரு வருஷம் தெற்கே டோங்குவான் நகரத்தில் மோட்டாருக்குக் கம்பி சுற்றும் தொழிற்சாலையில் இருந்தவள். நிலக்கரிச் சுரங்கத்தில் கூரை சரிந்து, கணவன் செங்வூவுக்கு இடுப்புக்குக் கீழே உணர்வு போனபோது ஒரு மாத விடுப்பில் வந்தாள். ஒன்பது வருஷம் ஆகிவிட்டது. காலையில் அவனைத் தூக்கி நாற்காலியில் உட்காரவைப்பதில் தொடங்கி அவள் பொழுது அந்த இரண்டு அறைக்குள்ளேயே சுற்றியது. செங்வூ கெட்டவன் இல்லை. அவள் கொல்லைப்பக்கம் போனால்கூட ஐந்து நிமிஷத்தில் "எங்க இருக்க?" என்று குரல் கொடுப்பான், அவ்வளவுதான்.

பழைய வேன் ஒன்றின் அச்சையும் சக்கரங்களையும் வாங்கி, சட்டத்தை அவளே பற்றவைத்தாள். மோட்டார்தான் பாக்கி. சின்னதாகப் போனால் ஏற்றத்தில் சூடேறிக் கருகும். பெரிதாகப் போனால் பேட்டரியைக் குடித்துவிடும். மட்டம் பார்க்கத் தண்ணீர் நிரப்பிய குழாயோடு கணவாய்க்கு நடந்துபோய், மீட்டருக்குப் பன்னிரண்டு சென்டிமீட்டர் ஏற்றம் என்று அளந்து வந்தாள். மொத்த எடையையும் கூட்டி, விற்பனைக்காரரிடம் தொலைபேசியில் சொன்னாள்.

மறுநாள் அவள் மக்காச்சோளம் ஒடித்துவிட்டு வந்தபோது தொலைபேசி செங்வூவின் மடியில் இருந்தது.

"மோட்டார்க்காரர் பேசினாரு. நானூத்தி முப்பது கிலோ சரிதானான்னு கேட்டாரு."

"சரிதான்."

"வண்டியும் பேட்டரியும் முந்நூத்தி எழுபதுன்னு நீதான சொன்ன? நீ அம்பது. சாமான் பத்து." அவன் விரலை மடக்கினான். "நான் எங்க?"

மறந்துவிட்டேன் என்று சொல்லலாம். அவள் எதையும் மறக்கிறவள் இல்லை என்பது அவனுக்குத் தெரியும்.

"ரெண்டு மணி நேரம் போயிட்டு வரலாம்னு நெனச்சேன். அவ்வளவுதான்."

"திரும்பி வருவியா?"

"வராம எங்க போவேன்?" என்று அவள் கத்தினாள். அந்தக் கேள்வி அவளையே திடுக்கிட வைத்தது. உண்மையிலேயே போக ஓர் இடம் நினைவுக்கு வரவில்லை.

இரண்டு நாள் அவன் சரியாகச் சாப்பிடவில்லை. "எங்க இருக்க?" என்றும் கூப்பிடவில்லை. மூன்றாம் நாள் காலை, அவள் அவனுக்குச் சட்டை மாட்டும்போது சொன்னான்: "ஒருத்தருக்கே வாங்கிக்க. உனக்கு பாரமா இருக்கறது போதாதா, வண்டிக்கும் இருக்கணுமா?"

அவன் திட்டியிருந்தால் நானூற்று முப்பதுக்கே வாங்கியிருப்பாள். பித்தானைப் பாதியில் விட்டுவிட்டு, அவன் எதிரிலேயே தொலைபேசியை எடுத்தாள்.

"ஐயா, ஐந்நூத்தி பதினஞ்சுன்னு போட்டுக்குங்க. ஆளும் உண்டு, சக்கர நாற்காலியும் உண்டு."

"அப்ப நாலு கிலோவாட் தாங்காது, தங்கச்சி. அஞ்சு வேணும். முடிவா சொல்றீங்களா?"

"முடிவாத்தான்."

வசந்தத்தில் வண்டி ஓடியது. கணவாயின் உச்சியில் இறங்கி மோட்டாரைத் தொட்டுப் பார்த்தாள். வெதுவெதுப்புத்தான். கணக்கு பிசகவில்லை. செங்வூ சிரித்து, வழியில் போகிறவர்களுக்கெல்லாம் கையசைத்தான். ஒன்பது வருஷத்தில் அவன் அப்படிச் சிரித்து அவள் பார்த்ததில்லை. அவளுக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

அன்றிலிருந்து சந்தை கூடும் நாளெல்லாம் இருவரும் போகிறார்கள். இலையுதிர்காலத்தில் ஒருநாள் வண்டியை நிழலில் நிறுத்திவிட்டு, "நீ இரு, நான் ஒரு கிண்ணம் நூடுல்ஸ் சாப்ட்டு வந்துடறேன்" என்றாள். கடையின் உள்மூலையில், தெருவுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தாள். நாலு வாய் சாப்பிட்டிருப்பாள். ஹாரன் அடித்தது. சற்றுப் பொறுத்து இன்னொரு முறை, முன்னதைவிட மெதுவாக.

"உன் வீட்டுக்காரரா?" என்றாள் கடைக்காரி.

"ஆமா" என்று சாய்யுன் எழுந்தாள். "மிச்சத்த பையில ஊத்திக் குடு அக்கா. மொளகாய் கொறச்சலா ஒண்ணும் சேத்துக் கட்டு, அவருக்கு."