சூடேறினால் மட்டும் வரும் கோளாறு

இடது முழங்காலில் அறுவை நடந்தபின் என்னால் கிளட்சை மிதிக்க முடியவில்லை. அதனால்தான் கியரைத் தானே மாற்றிக்கொள்ளும் பழைய கார் ஒன்றை வாங்கினேன். ஏரலில் தனியாக இருக்கும் அக்காவைப் பார்க்க, யார் தயவும் இன்றி நானே ஓட்டிச் சென்றுவந்தேன். கணவருக்குக் கார் ஓட்டத் தெரியாது. தெரிந்துகொள்ள விரும்பியதும் இல்லை.

சென்ற கோடையில் அது முரண்டு பிடிக்கத் தொடங்கியது. நெடுநேரம் ஓடிச் சூடேறியபின் வேகம் கூட்டினால் இன்ஜின் மட்டும் இரையும், வண்டி இழுக்காது. பிறகு திடுமென முன்னே பாயும். இதைப் பட்டறை பட்டறையாகச் சொன்னேன். மெக்கானிக்குகள் நான் பேசுவதைக் கேட்டுக்கொண்டு, சந்தேகத்தைக் கணவரிடம் கேட்டார்கள். அவரும் தயங்காமல் விளக்கினார்: ஓரிடத்தில் பிரேக், இன்னோரிடத்தில் பெட்ரோலில் தண்ணீர். பிறகு ஆறிக் கிடந்த வண்டியைத் தெருமுனைவரை ஓட்டிப் பார்த்து, கோளாறே இல்லை என்பார்கள்.

வண்ணார்பேட்டை மெக்கானிக் ஒரு படி மேலே போய், என்னைக் காட்டிக் கணவரிடம் சொன்னார்.

“அண்ணாச்சி, அக்காவுக்குக் கை பழகல. இத வித்துட்டு, கியர் வண்டி வாங்கி ஒரு டிரைவரப் போடுங்க.”

“நானும் அதத்தாம்வே சொல்லுதேன்,” என்றார் கணவர்.

இனி ஒரு டிரைவருக்குத் தோதான நாளில்தான் என் அக்காவை நான் பார்க்க வேண்டுமாம்.

“ரெண்டு பேரும் வண்டியில ஏறுங்க,” என்றேன்.

“எங்கன போறோம்க்கா?”

“கோளாறு வார வரைக்கும்.”

ஏரல் போகும் சாலையில் ஓட்டினேன். செய்துங்கநல்லூர் தாண்டியும் வண்டி வெண்ணெயாக ஓடியது. “பாத்தீரா வே, ஒண்ணுமே இல்ல,” என்று பின்னாலிருந்து கணவர் பெருமூச்சு விட்டார். கருங்குளத்துக்கு முன் ஒரு டிராக்டரை முந்த முயன்றபோது இன்ஜின் அலறியது. வண்டி நகர மறுத்தது. பின்னால் வந்த பேருந்து ஹாரன் அடித்துத் தீர்த்தது.

“வழுக்குதுக்கா! கியர் பிடிக்க மாட்டேங்கு,” என்றார் மெக்கானிக், முதன்முறையாக என்னிடம்.

“நான் அன்னைக்கே சொன்னேம்லா,” என்றார் கணவர்.

ஓரமாக நிறுத்தினேன். இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கவே மெக்கானிக் ஆயில் அளவு பார்க்கும் கம்பியை உருவி முகர்ந்தார். “கியர் ஆயில் கருகிப்போச்சு. மாத்திப் பாப்போம். கேக்கலைன்னா கியர் பெட்டியப் பிரிக்கணும். விக்கிற அளவுக்கு ஒண்ணும் இல்லக்கா.”

அதற்குள் கணவர் ஏரலுக்குப் போன் போட்டுவிட்டிருந்தார். “மதினி, கோளாறக் கண்டுபிடிச்சாச்சு. இங்கன நாந்தான் கூட இருந்து பாத்தேன். டிரைவரா? எதுக்கு? சரியானதும் அவளே ஓட்டிட்டு வருவா.”

சண்டையை வீட்டுக்குப் போய் வைத்துக்கொள்ளலாம் என்று, வண்டியைப் பைய பட்டறைக்குத் திருப்பினேன்.