கை தட்டல் தென்காசிக்கு மட்டும்

"நீ கேரளாவா, தமிழ்நாடா?" இந்தக் கேள்வியை என்னிடம் கேட்காதவர்கள் இரண்டு மாநிலத்திலும் பாக்கி இல்லை. கொச்சி மட்டாஞ்சேரியில் பிறந்து, மட்டாஞ்சேரியில் படித்து, இன்றும் மட்டாஞ்சேரியிலிருந்து பஸ் பிடித்து வேலைக்குப் போகிற எனக்கு இங்கே பெயர் 'பாண்டி'. தென்காசிப் பக்கம் அப்பாவின் ஊருக்குப் போனால் 'மலையாளத்தா'. முன்பெல்லாம் நின்று பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது சொல்வதில்லை. கேட்கிறவருக்கு வேறு வேலை இல்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு நடந்துவிடுகிறேன்.

அப்பாவுக்கு இந்தத் தொல்லையே கிடையாது. பஜாரில் அவருக்கு வாழையிலை மொத்த வியாபாரம். ஊர்ப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து லாரியில் கட்டுக் கட்டாக இலை வரும். இங்கே நடக்கிற கல்யாணங்களில் பாதிக்கு எங்கள் இலையில்தான் சோறு. எங்கள் இலையில் வழித்துச் சாப்பிட்டுவிட்டு எங்களையே பாண்டி என்பார்கள், அது வேறு கதை. அப்பா இங்கே வந்து நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. ரேஷன் கார்டு இங்கே, ஓட்டு இங்கே, வீடு இங்கே. யாராவது "சேட்டா, நாடு எவிடயா?" என்று சொந்த ஊரைக் கேட்டால் மட்டும், இலையிலிருந்து கண்ணை எடுக்காமல் "தென்காசி" என்பார்.

டிவியில் கேரளாவும் தமிழ்நாடும் எந்த விளையாட்டில் மோதினாலும் எங்கள் வீட்டில் ஒரு சட்டம் உண்டு. வாசல் கதவு திறந்திருக்க வேண்டும், சத்தம் முழுசாக வைக்க வேண்டும், எதிர்வீட்டுச் சேட்டனுக்குக் கேட்க வேண்டும். அவரும் சளைத்தவர் இல்லை. அவர் வீட்டு டிவியும் அலறும். இதில் ஒரு கொடுமை, அவர் டிவியில் எல்லாம் எங்களுக்குச் சில நொடி முன்பே நடந்துவிடும். தமிழ்நாட்டுப் பையன் அப்போதுதான் பந்துவீச ஓடி வந்துகொண்டிருப்பான், அதற்குள் எதிர்வீட்டில் "போயீ!" என்று கூச்சல் கேட்கும். அப்பா ரிமோட்டைத் தொடையில் அடித்துக்கொண்டு, நடந்து முடிந்துவிட்ட தோல்விக்காகக் காத்துக்கொண்டிருப்பார். அம்மா இங்கே பக்கத்துப் பள்ளுருத்தியில் பிறந்து வளர்ந்த தமிழச்சி. அவளுக்கு இரண்டு பக்கமும் ஒன்றுதான். "ரெண்டு பேரும் தோக்கட்டும், சாயா ஆறுது" என்பாள்.

நான் கேரளாவுக்குக் கை தட்டினால் அப்பா திரும்பிப் பார்ப்பார். "ஏட்டி, திங்கிறது எங்க வேணா திங்கலாம். கை தட்டுறது நம்ம ஊருக்குத்தான்." இதைச் சொல்லிச் சொல்லியே என்னை வளர்த்தார். நானும் வீம்புக்கென்றே கேரளாவுக்குத் தட்டித் தட்டியே வளர்ந்தேன்.

இப்படிப்பட்ட வீட்டில் பிறந்த நான்தான் பேஸ்பாலில் கேரள அணிக்குத் தேர்வானேன்.

பேஸ்பாலா, அது அமெரிக்காக்காரன் ஆட்டம் அல்லவா என்று கேட்பவர்கள் எங்கள் கல்லூரி மைதானத்துக்கு வந்திருக்கவில்லை. கையுறை பற்றாமல் ஒரு அணி உள்ளே போகும்போது மற்ற அணியிடம் கழற்றிக் கொடுத்து ஆடிய பெண்கள் நாங்கள். என்னைக் கேட்ச்சராக ஆக்கினார்கள். மட்டையடிக்கிறவளுக்குப் பின்னால் முகமூடி போட்டு, குத்துக்காலிட்டு உட்கார்ந்து, பிட்சர் எறிகிற பந்தை வாங்குகிற வேலை. மற்றப் பெண்கள் கொஞ்ச நேரத்திலேயே முட்டி போச்சு, இடுப்பு போச்சு என்று எழுந்துவிட்டார்கள். நான் எழவில்லை. சின்ன வயதிலிருந்து கடையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து இலை பிரித்தவளுக்கு அது ஒரு உட்காரலா? பந்து வாங்குவதும் அப்படித்தான். லாரியிலிருந்து கட்டு வீசுவார்கள்; எதிர்த்துப் பிடித்தால் இலை கிழியும்; கையைப் பின்னால் விட்டு, அதோடு கூடப் போய் வாங்க வேண்டும். எத்தனை வேகமாக வந்தாலும் பந்து என் கையில் சத்தமில்லாமல் உட்கார்ந்தது. எங்கள் பயிற்சியாளர், நாங்கள் மாஷ் என்று கூப்பிடுவோம், "இது எவிடந்நு படிச்சு?" என்று கேட்டார். வாழையிலையிலிருந்து என்றேன். நம்பவில்லை.

அந்த வருஷம் போட்டி நடந்த இடம் தென்காசிக்குப் பக்கத்தில் ஒரு கல்லூரி மைதானம். அரையிறுதியில் எங்களுக்கு எதிரே தமிழ்நாடு. விதி என்று ஒன்று இருந்தால் அதற்கு எங்கள் வீட்டு விலாசம் நன்றாகத் தெரிந்திருக்கிறது.

செய்தியைச் சொல்ல அப்பாவுக்கு போன் செய்தேன்.

"நம்ம ஊருல வச்சு, நம்ம ஊருக்கு எதிரா ஆடப் போறியாட்டி?"

"ஆமா."

"வாரேன். ஆனா கை தட்டுவேன்னு மட்டும் நெனைக்காத."

"நான் கேட்டேனா?" என்று வைத்துவிட்டேன். பொய். வேறெதுவுமே நான் கேட்டதில்லை. ஒரே ஒரு தடவை, எனக்காக, எல்லார் முன்னாலும் அவர் கை தட்ட வேண்டும் என்பதுதான் ஒன்பதாம் வகுப்பில் மைதானத்துக்குப் போக ஆரம்பித்த நாளிலிருந்து எனக்கு இருந்த ஆசை. இதை எழுதவே கூச்சமாக இருக்கிறது. இருக்கட்டும்.

ஆட்டத்தன்று காலையில் மாஷுக்குத் திடீரென்று ஒரு சந்தேகம். யாரோ ஓதிவிட்டிருக்கிறார்கள். "அவர் நின்றெ ஆள்க்காரல்லே? பிரஷர் ஆவும். இந்நு நீ இரிக்கு" என்றார். அவர்கள் உன் ஆட்கள்தானே, இன்று நீ உட்கார் என்று அர்த்தம். எனக்கு உச்சந்தலைக்கு ஏறிவிட்டது. "மாஷே, ஞான் மட்டாஞ்சேரிக்காரியா. என்னெ இருத்தியால் ஆரு பந்து பிடிக்கும்? மாஷ் பிடிக்குமோ?" என்று எல்லாப் பெண்களும் கேட்கும்படி கத்தினேன். அவருக்கு வயிறு கொஞ்சம் பெரிது. பெண்கள் சிரித்துவிட்டார்கள். மாஷும் சிரித்துவிட்டு, முகமூடியை என் பக்கம் தூக்கிப் போட்டார்.

அப்பா வந்தார். தனியாக இல்லை. அம்மாவைக் கடையில் விட்டுவிட்டு ஊருக்கு வந்து, அங்கிருந்து சித்தப்பா, சித்தி, அத்தை, அவர்கள் பிள்ளைகள் என்று ஒரு வேன் நிறைய ஆட்களோடு வந்து இறங்கினார். அடித்துவிட்டு ஓடுகிறவள் வரிசையாகத் தொட வேண்டிய இடங்களில் கடைசிக்கு முந்தியதான மூன்றாவது பேஸுக்குப் பக்கத்தில், கயிற்றுக்குப் பின்னால் வரிசையாக உட்கார்ந்தார்கள். சித்தி எனக்குக் கை காட்டினாள். சித்தப்பா தமிழ்நாட்டுப் பெண்களுக்குக் கை காட்டினார். அப்பா இரண்டு கையையும் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

தமிழ்நாட்டுப் பயிற்சியாளர் அதே மூன்றாவது பேஸ் பக்கம் நின்றார். அடிக்கிற பெண்ணுக்குக் கை ஜாடையில் தகவல் சொல்வதுதான் எல்லோரும் செய்வது. இவர் வாயாலேயே சொன்னார். எதிரே இருப்பது மலையாளப் பெண்கள், சினிமாத் தமிழ் புரியுமே தவிர இந்தப் பக்கத்துப் பேச்சு இந்த வேகத்தில் புரியாது என்ற தைரியம். "ஏ புள்ள, ஓங்காத, சும்மா மட்டைய வச்சு கால்மாட்டுல போடு, ஓடிரு!" என்று ஒரே மூச்சில் விட்டார். எங்கள் பெண்களுக்கு அது ஏதோ உற்சாகக் கூச்சல். எனக்கோ அது சாப்பாட்டு நேரத்தில் தினமும் கேட்கிற பேச்சு.

"முன்னோட்டு வாடீ!" என்றேன். எங்கள் முதல் பேஸ் பெண்ணும் மூன்றாவது பேஸ் பெண்ணும் முன்னால் ஓடி வந்தார்கள். பந்து பொத்தென்று அவர்கள் காலடியில் விழுந்தது. அவுட். அடுத்த பெண்ணிடம் "இப்பம் நல்லா இழுத்து அடி" என்றார். "பின்னோட்டு!" என்றேன். பந்து பறந்து வந்து நேரே எங்கள் பெண் கையில் விழுந்தது. மூன்று இன்னிங்ஸ் இப்படியே போயிற்று. அந்த மனிதர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார்.

இது திருட்டு இல்லையா என்று பின்னால் சிலர் கேட்டார்கள். எதுங்க திருட்டு? அவர் வாயைத் திறந்து சொன்னார், நான் காதைத் திறந்து கேட்டேன். பாண்டி, பாண்டி என்று ஒரு பிறவி முழுக்க வாங்கிய பேச்சுக்கு அன்றைக்குத்தான் எனக்கு ஒரு லாபம் வந்தது. அதை விட்டுக்கொடுக்க நான் என்ன பைத்தியமா?

ஆனால் கயிற்றுக்குப் பின்னால் ஒருவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது. சித்தப்பா எழுந்தார். லுங்கியை மடித்துக் கட்டினார்.

"சார்! ஏ சார்! வாயத் தொறக்காதீய! அந்த முகமூடி போட்ட புள்ளைக்கு எல்லாம் வெளங்குது! அவ தமிழ்ப் புள்ள! எங்க அண்ணன் மவளாக்கும்! எங்க வீட்டுப் புள்ள!"

மைதானமே சிரித்தது. தமிழ்நாட்டுப் பயிற்சியாளர் என்னை ஒரு பார்வை பார்த்தார். நான் முகமூடியைக் கழற்றவில்லை; கழற்றியிருந்தால் அழுவது தெரிந்திருக்கும். எத்தனை லீவுக்கு அந்த ஊருக்குப் போயிருக்கிறேன்! ஒரு தடவையாவது யாரிடமாவது 'எங்க வீட்டுப் புள்ள' என்று சொல்லியிருப்பார்களா? மலையாளத்தா வந்திருக்கா, மலையாளத்தாவுக்குக் காபி குடு, அவ்வளவுதான். என்னைச் சொந்தம் என்று ஊரறியச் சொல்ல அவருக்குக் கிடைத்த நேரத்தைப் பாருங்கள்! அப்பாவைப் பார்த்தேன். கட்டிய கை கட்டியபடி, தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு அவர்கள் ஜாடைக்கு மாறிவிட்டார்கள். ஆட்டம் இறுகியது. கடைசி இன்னிங்ஸ், ஆளுக்கு மூன்று ஓட்டம், ஒரு அவுட். அவர்களுடைய பெண் ஒருத்தி மூன்றாவது பேஸில் நின்றாள். அவள் என் காலடியில் இருக்கும் ஹோம் பிளேட்டைத் தொட்டுவிட்டால் நான்காவது ஓட்டம், ஆட்டம் முடிந்தது; அதற்குமுன் பந்தோடு நான் அவளைத் தொட்டுவிட்டால் அவள் அவுட்.

தரையோடு ஒரு அடி. அவள் புறப்பட்டாள். எங்கள் இரண்டாவது பேஸ் பெண் பந்தைப் பொறுக்கி எறிந்தாள். பந்து கொஞ்சம் விலகி வந்தது. நான் எதிர்த்துப் பிடிக்கவில்லை. கூடவே போய் வாங்கி, அப்படியே சுழன்று, சறுக்கி வந்தவளின் முழங்காலுக்குக் கீழே கையுறையை வைத்து அழுத்தினேன். அவள் கால் பிளேட்டுக்கு ஒரு சாண் தள்ளி இருந்தது. அவள் முகத்தைப் பார்த்தேன். தொட்டது அவளுக்கும் தெரியும்.

அம்பயர் இரண்டு கையையும் விரித்தார். சேஃப், அவுட் இல்லையாம்.

தமிழ்நாட்டுப் பெண்கள் ஓடி வந்து ஒருவர் மேல் ஒருவர் விழுந்தார்கள். நான் கத்தினேன், மாஷ் என்னை இடுப்போடு பிடித்து இழுத்தார். அந்தச் சத்தத்துக்குள் வேறு ஒரு சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தால், கயிற்றைத் தாண்டி அப்பா வந்துகொண்டிருந்தார். வேட்டி அவிழ்வதைக்கூடக் கவனிக்காமல் ஒரு கையால் பிடித்துக்கொண்டு, நேரே அம்பயரிடம்.

"யோவ், கண்ணு தெரியுதா ஒமக்கு? தொட்டுட்டா! மொழங்காலுக்குக் கீழ தொட்டா! நான் அங்கனதான இருந்தேன், பாத்தேன்! அவுட்டு அது!"

"அண்ணே, வா இங்கிட்டு! நம்மதானண்ணே ஜெயிச்சிருக்கோம்!" என்று சித்தப்பா பின்னாலிருந்து கத்தினார்.

"சும்மா கெடல நீ!" என்றார் அப்பா, திரும்பாமலே.

இரண்டு பேர் ஓடி வந்து அப்பாவின் தோளைப் பிடித்தார்கள். அதில் ஒருவன் சிரித்துக்கொண்டே, "பெரியவரே, தமிழ்நாடு ஜெயிச்சதுக்கா சண்ட போடுதீரு? எந்த ஊரு நீரு?" என்று கேட்டான்.

அப்பா அவன் கையைத் தட்டிவிட்டார்.

"மட்டாஞ்சேரிலே!" என்றார். "கொச்சி, மட்டாஞ்சேரி! எலக்கடைன்னு கேட்டா எல்லாவனும் சொல்லுவான்! என் மக தொட்டான்னா தொட்டதுதான்!"

அம்பயர் மாற்றவில்லை. அம்பயர்கள் எங்கே மாற்றியிருக்கிறார்கள்? சித்தப்பா, 'நம்ம ஊருல வச்சே மானத்த வாங்கிட்டியேண்ணே' என்று சொல்லிவிட்டு வேனை எடுத்துக்கொண்டு போய்விட்டார். ஒரு வருஷம் பேசவில்லை. அப்பா எங்கள் அணி பஸ்ஸில் ஏறி, கடைசி சீட்டில் என் பக்கத்தில் உட்கார்ந்தார். கை தட்டவில்லை. இன்று வரை தட்டியதில்லை. டிவியில் கிரிக்கெட் வந்தால் இன்றைக்கும் வாசல் கதவு திறந்திருக்கும், தென்காசிச் சத்தம் தெருவுக்குக் கேட்கும், நானும் விடாமல் கேரளாவுக்குத்தான் தட்டுகிறேன்.

பஸ் மலை ஏறத் தொடங்கியபோது அம்மா அப்பாவுக்கு போன் செய்தாள். பஸ் இரைச்சலில் அவள் குரல் எனக்கும் கேட்டது. "யாரு ஜெயிச்சா?"

அப்பா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"நம்மதான்" என்றார். "அம்பயர்தான் ஒத்துக்கிட மாட்டேங்கான்."