ஒன்பது வருடமாகக் கூப்பிட்ட பெயர்

ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்தில், ஜெனரேட்டர் அறைக்கு அடுத்து, சலவைப் பிரிவு. இருபத்திரண்டு வருடமாக அதற்கு மேற்பார்வை அக்காதான். பெரிய டாக்டருக்கும் அவள் அக்கா, வாசல் காவலாளிக்கும் அக்கா. நாளைக்கு ஆயிரத்துக்கு மேல் படுக்கை விரிப்புகள் வரும். எது ரத்தக்கறை, எது மருந்துக்கறை என்று தூரத்தில் இருந்தே பிரித்துச் சொல்லிவிடுவாள். வேலையில் கறார், வாய் ஓயாத பேச்சு. யாருக்காவது உடம்பு முடியவில்லை என்றால் அலுவலகத்தோடு மல்லுக்கு நின்று லீவு வாங்கிக் கொடுப்பதும் அவள்தான்.

நீராவி உருளையில் விரிப்புகளை இஸ்திரி போடுகிறவர் வேறு இனத்தார். அவருடைய தாத்தா காலத்தில் கடல் தாண்டிப் பிழைக்க வந்தவர்கள். அந்த இனத்தாரைக் கேவலமாகச் சொல்ல ஊரில் ஒரு சொல் உண்டு. அதை இங்கே எழுதப் போவதில்லை. அவர் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே அக்கா அந்தச் சொல்லோடு ஒரு 'ப்பா' சேர்த்து, செல்லம் கொஞ்சுவதுபோலக் கூப்பிட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். அவ்வளவுதான், ஒட்டிக்கொண்டது. அவர் மனைவிக்கு அறுவை சிகிச்சை என்றபோது பத்து நாள் லீவுக்கு ஒற்றைக் காலில் நின்றவளும் அக்காதான். அதனால் தன் மனதில் கள்ளமில்லை என்று அவள் நம்பினாள். அப்படி ஒரு கேள்வியே அவளுக்கு எழுந்ததில்லை.

போன வருடம் ஒரு காலையில் உருளையின் நீராவிக் குழாய் மூட்டு விட்டுப்போய், அவருடைய வலது கை முழங்கை வரை வெந்துவிட்டது. அக்கா ஈர விரிப்பைச் சுற்றி, அவரைத் தாங்கிக்கொண்டே சாய்தளத்தில் ஏறி அவசரப் பிரிவுக்கு ஓடினாள். பதிவு ஜன்னலில் இருந்த பெண் அவருடைய இனத்துக்காரி. நோயாளி பெயர் கேட்டாள். மூச்சிரைக்க, அக்காவின் வாயில் அந்தச் சொல்தான் வந்தது.

பதிவுப் பெண்ணின் விரல்கள் நின்றன.

"அது பேர் இல்லைங்க. அவர் பேர் என்ன?"

அக்கா வாயைத் திறந்தாள். ஒன்றும் வரவில்லை. எத்தனை மாதச் சம்பளப் பட்டியலில் பார்த்திருப்பாள்! கடைசியில் அவரே, பல்லைக் கடித்துக்கொண்டு, தன் பெயரை எழுத்து எழுத்தாகச் சொன்னார்.

புகார் எதுவும் போகவில்லை. போயிருந்தால் ஒரு விசாரணை, ஒரு கடிதம் என்று முடிந்திருக்கும். நடந்தது வேறு. விஷயம் மாடி மாடியாக ஏறியது. சமையல்கட்டில் பாதிப்பேர் அந்த இனத்தார். அக்கா டீ வாங்கப் போனால் கொடுத்தார்கள், முகம் கொடுத்துப் பேசவில்லை. வார்டு உதவியாளர்கள் அழுக்கு மூட்டையை வாசலில் வைத்துவிட்டு, மணியை அடித்துவிட்டுப் போனார்கள். நின்று ஊர்க்கதை பேசிய காலம் போய்விட்டது. ஒருத்தி மட்டும் "கையெழுத்து போடுங்க மேடம்" என்றாள். அந்த 'மேடம்' அக்காவுக்குச் சுருக்கென்று தைத்தது.

அக்காவின் மகள் மூன்றாம் மாடியில் நர்ஸ். ஒரு சாயங்காலம் வீட்டில் காய் நறுக்கிக்கொண்டே, வேறு ஆஸ்பத்திரிக்கு மாற்றல் கேட்டு எழுதிக் கொடுத்துவிட்டதாகச் சொன்னாள். தினமும் இரண்டு பஸ் மாறிப் போகவேண்டிய இடம். ஏன் என்று அக்கா கேட்டாள். மகள் தலையைத் தூக்கவில்லை. "என்கூட டியூட்டி பார்க்கிறவங்க யாரும் ஒண்ணும் சொல்லலம்மா. நான் உள்ள போனா பேச்சு நின்னுடுது. எனக்கு அலுத்துப்போச்சு."

கை வெந்து மூன்று வாரம் கழித்து அவர் கட்டுப்போட்ட கையோடு வேலைக்கு வந்தார். தலையணை உறை மடிக்கும் லேசான வேலை கொடுத்தார்கள். இடைவேளையில் எல்லோரும் வெளியே போனதும் அக்கா எதிரில் போய் உட்கார்ந்தாள். ஒன்பது வருடமாக வா, போ என்று பேசியவளுக்கு அன்று 'நீங்க' என்று வந்தது; வந்தபிறகு அதுவும் பொருந்தாமல் நின்றது. தப்பாக நினைத்துச் சொன்னதில்லை, மன்னித்துவிடுங்கள் என்றாள்.

அவர் இடது கையால் உறையை மடித்துக்கொண்டே இருந்தார்.

"தெரியும்க்கா. நீங்க தப்பா நினைக்கல. நினைச்சிருந்தா நானும் எப்பவோ சண்டை போட்டிருப்பேன்."

கொஞ்சம் பொறுத்து, "என் பொண்ணு முன்னெல்லாம் மத்தியானம் சாப்பாடு கொண்டு வருவா, ஞாபகம் இருக்கா?" என்றார்.

அக்காவுக்கு நினைவிருந்தது. இரட்டைப் பின்னல், கெட்டிக்காரி.

"ஒருநாள் நீங்க என்னைக் கூப்பிட்டீங்க. நான் சிரிச்சுக்கிட்டே 'வந்துட்டேன்க்கா'ன்னேன். அவ வாசல்ல நின்னு பார்த்துட்டா. அப்புறம் வரவே இல்ல. பொண்ணு ஏன் வர்றதில்லன்னு நீங்க கேட்டீங்க. பரீட்சைன்னு சொன்னேன். நீங்க கூப்பிட்டதுகூட அவளுக்குப் பெருசில்ல. நான் சிரிச்சதுதான்."

அக்கா இன்னொரு தடவை மன்னிப்புக் கேட்க வாயெடுத்தாள். அவர் தலையசைத்துத் தடுத்தார். கோபமில்லை, உட்கார்ந்து கேட்கத் தெம்பில்லை, அவ்வளவுதான். இடைவேளை முடிந்து இயந்திரங்கள் ஓடத் தொடங்கின.

இப்போது அக்கா அவரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறாள். ஒவ்வொரு முறையும் நாக்கு ஒரு நொடி தடுமாறி, பிறகுதான் பெயர் வருகிறது. அவர் 'ம்' என்கிறார். சிரிப்பதில்லை. அக்காவின் மகள் விடியுமுன் கிளம்பி, இரண்டு பஸ் பிடித்துப் போய்வருகிறாள்.

சென்ற வாரம் துணி பிரிக்கும் மேசையிலிருந்து ஒருத்தி, அவரைப் பழைய சொல்லாலேயே உரக்கக் கூப்பிட்டாள். அக்கா போய், இனி அப்படிக் கூப்பிடக் கூடாது என்றாள். அவள் நிஜமாகவே புரியாமல் பார்த்தாள்.

"ஏன்க்கா? நான் வேலைக்கு வந்த அன்னிக்கு, நீங்கதானே அதுதான் அவர் பேர்னு சொன்னீங்க."

அக்கா அவருடைய பெயரைச் சொன்னாள். அதை அவளைத் திரும்பச் சொல்லச் சொன்னாள். அவள் தப்பாகச் சொன்னாள். அக்கா மறுபடியும் சொல்லிக் கொடுத்தாள்.