உவரியில் ஒதுங்கிய கட்டை

எனக்குக் கோர்வையாக எழுத வராது. ஐந்தாம் வகுப்போடு நின்றவள். நடந்ததில் பாதி மறந்தும் போகிறது. முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் மகள் பாளையங்கோட்டையில் கல்லூரியில் பாடம் எடுக்கிறாள். கடலில் மிதக்கிற குப்பை எந்தக் கரைக்குப் போகும் என்று கம்ப்யூட்டரில் கணக்கும் போடுகிறாள். காற்றையும் நீரோட்டத்தையும் கொடுத்தால் அது போகிற வழியைக் கோடாகக் காட்டுமாம். கோடு மெய்தானா என்று பார்க்க, போன ஐப்பசியில், தாமிரபரணி கடலில் விழுகிற புன்னைக்காயலில் மஞ்சள் பெயிண்ட் அடித்த மரக்கட்டைகளை மிதக்கவிட்டாள். கண்டெடுத்தவர்கள் கூப்பிட ஒவ்வொன்றிலும் என் போன் நம்பர். வகுப்பில் இருக்கும்போது அவளால் எடுக்க முடியாது.

தெரியாத ஆள் கூப்பிட்டால் போனைத் தலையணைக்கு அடியில் வைத்துவிடுகிறவள் நான்.

"எம்மா, ஒரு கட்டையாவது எங்கன ஒதுங்குச்சுன்னு தெரியலேன்னா இத்தனை வருசப் பாடும் வீணாப் போயிரும். எடுத்துப் பேசு" என்றாள்.

நாள் போய்க்கொண்டே இருந்தது. ஒருவரும் கூப்பிடவில்லை. அவளுக்குச் சோறு இறங்கவில்லை. ஒரு மத்தியானம் மணி அடித்தது. ஜெபம் பண்ணிக்கொண்டே எடுத்தேன்.

"உவரியில இருந்து பேசுதேன். கரையில மஞ்சக் கட்டை ஒண்ணு கெடக்கு. காயப்போட்டு அடுப்புல வச்சிரட்டா?"

"ஐயோ, வச்சிராதீங்க!" நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள்.

"ஏன், உள்ள தங்கமா இருக்கு?"

சொன்னேன். குப்பை, காற்று, கோடு, எல்லாவற்றையும். என் வாயா அது என்று இருந்தது.

அவர் சிரித்தார். "இதுக்கு எதுக்கும்மா கணக்கு? குப்பை பூரா எங்க கரைக்குத்தான வருது!" பிறகு குரல் மாறியது. "எப்ப வரும்னு ஒங்க மக முன்கூட்டிச் சொல்லுவாளோ? சொன்னா வலையைத் தூக்கி வச்சுக்கிடுவோம். போன மழையில பிளாஸ்டிக் சிக்கி வலை நார் நாராக் கிழிஞ்சு போச்சு."

கட்டை எங்கே, என்றைக்கு ஒதுங்கியது என்று இரண்டு தரம் கேட்டுக்கொண்டேன்.

சாயங்காலம் மகள் கம்ப்யூட்டரில் இருந்த கடற்கரைப் படத்தில் கட்டை ஒதுங்கிய இடத்துக்குப் புள்ளி வைத்தாள். அத்தனை நாளில் அவள் கோடு திருச்செந்தூரைத்தான் எட்டியிருந்தது. உவரி அதற்கும் தெற்கே எங்கேயோ. போச்சு என்று நினைத்தேன். அவளோ கையைத் தட்டினாள்.

"திசை சரிதாம்மா. தண்ணிக்கு மேல நிக்குத பாகத்தை வாடைக்காத்து தள்ளும்லா? அந்தத் தள்ளலைக் கணக்குல குறைச்சுப் போட்டுட்டேன்."

திருத்தி மறுபடியும் ஓட்டினாள். கோடு தெற்கே நீண்டு உவரிக்குப் பக்கத்தில் போய் நின்றது. அன்றைக்கு இரண்டு தட்டு சாப்பிட்டாள்.

இந்த மழைக்கு முன்னால் குப்பை வருகிற நாளை உவரிக்காரருக்குச் சொல்லிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறாள். நான்தான் கூப்பிட்டுச் சொல்ல வேண்டுமாம். காற்று தள்ளுகிற விஷயத்தைச் சரியாக எழுதினேனா தெரியவில்லை. கடல் தெரிந்தவர்கள் யாராவது பார்த்துத் திருத்திக்கொடுங்கள்.